அடுப்புப் பரணில் காய்ந்த கிட்டார்

என் மகன் தூங்க வேண்டுமென்றால் அவன் முதுகில் என் விரல்கள் ஏற வேண்டும். தட்டிக் கொடுத்தால் ஆகாது, தடவினாலும் ஆகாது. இடுப்புக்குச் சற்று மேலே ஒரு விரலை ஊன்றி, அங்கிருந்து ஒவ்வொரு விரலாக அழுத்திக்கொண்டே தோள்பட்டை வரை போக வேண்டும். பிறகு அதே வழியாக இறங்க வேண்டும். இரண்டு மூன்று முறை ஏறி இறங்கினால் கண்கள் செருகிவிடும். இப்படிப் பழக்குவது சரிதானா என்று எனக்குச் சந்தேகம். குழந்தையைத் தானாகத் தூங்க விட வேண்டும் என்று செல்போன் வீடியோவில் ஒருவர் சொல்கிறார். தொட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்று இன்னொருவர் சொல்கிறார். இரண்டையும் கேட்டுவிட்டு, ஒரு நாள் தொடாமல் இருந்து பார்த்தேன். அவன் அழுதான். நானும் அழுதேன். மறுநாள் பழையபடி ஆரம்பித்துவிட்டேன்.

"இது என்ன கணக்கு?" என்று கணவர் கேட்டார்.

"இ மைனர் லெவன்த்" என்றேன்.

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்கும் அந்தக் கிட்டார் கார்டை வாசிக்கத் தெரியாது. என் கையில் அது வாசிக்கப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

அப்போது நான் நான்காம் வகுப்பு. அப்பாவுக்கு மலைமேல் செம்மேட்டில் தாலுகா ஆபீஸில் வேலை. நாமக்கல்லிலிருந்து மாற்றலாகி வந்து, அரசுக் குடியிருப்பில் இருந்தோம். அந்த ஆவணியில் தம்பி பிறந்தான். வழக்கமாக அம்மா பிறந்த வீட்டில் மூன்று மாதமாவது இருந்திருக்க வேண்டும். ஆனால் அங்கே அம்மாவின் அப்பா, என் அப்புச்சி, பக்கவாதத்தில் படுத்துவிட்டார். அம்மாயிக்கு அவரைப் பார்த்துக்கொள்ளவே நேரம் போதவில்லை. அதனால் அம்மாவும் தம்பியும் சீக்கிரமே மலைக்கு வந்துவிட்டார்கள். கொஞ்ச நாளில், அம்மாவைப் பார்த்துக்கொள்வதற்காக அவள் தங்கையும் வந்தாள். என் சித்தி.

சித்தியை அழைத்துவர அப்பாவோடு நானும் போயிருந்தேன். சித்தியின் ஒரு கையில் துணிப்பை, மறு கையில் கறுப்பு உறை போட்ட கிட்டார். காரவள்ளி தாண்டி மலைப்பாதை ஆரம்பிக்கும் இடத்தில் கண்டக்டர் அதை ஒரு பார்வை பார்த்தார்.

"ஏனுங்க, அதென்ன வீணைங்களா? அதுக்கும் டிக்கெட் போட்டறட்டுங்களா?"

"போடுங்க. ஆனா சன்னலோரமா சீட்டு குடுக்கோணும். அதுக்கும் தலை சுத்துமுங்க" என்றாள் சித்தி.

தலை சுற்றியது எனக்குத்தான். மலைக்கு வந்து இரண்டு வருஷமாகியும் அந்த வளைவுகள் எனக்குப் பழகவில்லை. சித்தி என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஓரத்தில் எண் எழுதி நட்டிருக்கும் பலகைகளைக் காட்டினாள்.

"ஒத்தைப்படை மட்டும் சொல்லு பாப்போம். ஒண்ணு, மூணு, அஞ்சு, ஏழு, ஒம்பது, பதினொண்ணு. இதுதான் சித்தி இப்பப் படிக்கிற பாடம்."

"நடுவுல இருக்கிறது?"

"அதையெல்லாம் விட்டுட்டுப் போயிரோணும்."

"பஸ்ஸு ஒண்ணையும் விடாதே."

"பஸ்ஸுக்கு வேற வழியில்ல சாமி. நமக்கு இருக்குது."

ஒற்றைப்படை வளைவுகளில் எல்லாம் பஸ் ஒரே பக்கமாகச் சாய்கிறது என்பதை அன்றுதான் கவனித்தேன். அதைச் சித்தியிடம் சொல்ல வாயைத் திறந்தபோது வாந்தி எடுத்துவிட்டேன். சித்தி முதலில் கிட்டாரைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டாள். பிறகுதான் என் நெற்றியைப் பிடித்தாள். எனக்கு அது கொஞ்சம் வருத்தமாக இருந்தது. பல நாள் நினைவில் வைத்திருந்தேன்.

வீட்டில் அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். தங்கை வந்திருக்கிறாள் என்று அப்பா சொன்னதும் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். சிரித்து முடித்ததும் மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அம்மாவுக்கு அசதி" என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். அசதி என்றால் தூங்கினால் போய்விடும் என்று நினைத்தேன். அம்மா தூங்கவும் இல்லை. தம்பி அழுதால் எடுத்துப் பால் கொடுப்பாள். கொடுக்கும்போது அவனைப் பார்க்க மாட்டாள். சில நாள் அவன் அழுவது அவள் காதில் விழாதது போலவே இருக்கும். என் தலையை அப்பாதான் பின்னிவிட்டார். ஒரு பக்கப் பின்னல் காதுக்கு மேலே, இன்னொன்று கழுத்துக்குக் கீழே. பள்ளியில் டீச்சர் எதுவும் கேட்காமல் அவிழ்த்துப் பின்னிவிடுவார். அந்த அசதிக்கு ஒரு பெயர் உண்டு, மருந்தும் உண்டு என்று என் பிரசவத்துக்குப் பிறகு ஒரு டாக்டர் சொல்லித்தான் எனக்கே தெரியும். அன்று அதை எங்கள் வீட்டில் யாரும் சொல்லவில்லை. ஒருவேளை பெரியவர்களுக்குள் பேசிக்கொண்டிருந்திருக்கலாம்.

சித்தி வந்த பிறகு சமையல், துணி, தம்பி, என் பின்னல் எல்லாம் ஒழுங்குக்கு வந்தன. சாயங்காலமானால் அம்மாவின் அறைக் கதவை ஒட்டிப் பாய் போட்டுக்கொண்டு கிட்டாரை எடுத்துவிடுவாள்.

அவள் சும்மா பொழுதுபோக்குக்கு வாசிக்கவில்லை. சேலத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கிட்டார் டீச்சர் வேலைக்குக் கார்த்திகையில் இன்டர்வியூ. அங்கே வாசித்துக் காட்ட வேண்டும். சர்ச்சில் பாட்டுக்கு வாசிக்கிற மாதிரி நாலு கார்டு தெரிந்தால் போதாது, நீண்ட கார்டுகளைப் பிரித்து வாசிக்கச் சொல்வார்கள் என்று அவளுடைய தோழி எச்சரித்திருந்தாள். அந்த வேலை கிடைத்தால், பட்டப்படிப்பு முடித்துவிட்டு வீட்டில் இருக்கிற பெண் என்கிற பேச்சு நின்றுவிடும். மாப்பிள்ளை பார்ப்பதையும் இரண்டு வருஷம் தள்ளிப்போடலாம். சித்தி இதையெல்லாம் என்னிடமே சொன்னாள். வீட்டில் பேச வேறு ஆள் இல்லை.

நீண்ட கார்டு என்றால் என்ன என்பதையும் சொன்னாள். சேர்ந்து ஒலிக்கிற ஸ்வரங்களுக்குத்தான் கார்டு என்று பெயர்; சாதாரணக் கார்டுக்கு மூன்று ஸ்வரம் போதும். அதற்கு மேல் ஏழாவது, ஒன்பதாவது, பதினொன்றாவது என்று ஒன்று விட்டு ஒன்றாக அடுக்கிக்கொண்டே போகலாம். ஆனால் அழுத்திப் பிடிக்க இருப்பது நான்கு விரல்தான். எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் பிடிக்க முடியாது. அதனால் ஒவ்வொன்றாக வாசிப்பது. அதற்கு ஆர்பெஜியோ என்று பெயர்.

"ஒவ்வொண்ணா வாசிச்சா, மொதல்ல வாசிச்சது போயிறாதா சித்தி?"

"போகாது. கேக்கறவங்க காதுல நிக்கும்."

"எல்லாத்தையும் வாசிச்சே ஆகோணுமா?"

"வேண்டியதில்ல. கூட ஆளுங்க இருந்தா, அடியில இருக்கற ஸ்வரத்தைக்கூட விட்டுறலாம். அதை வேற யாராச்சும் புடிச்சுக்குவாங்க. தனியா வாசிக்கறப்பதான் விடக் கூடாது."

"விட்டா?"

"விட்டா அது வேற கார்டாட்டம் கேக்கும். கேக்கறவங்களுக்கு எங்க நிக்கறோம்னே தெரியாது."

அவளுக்குத் தண்ணி காட்டியது இ மைனர் லெவன்த். தடித்த கம்பியில் அடி ஸ்வரம். பிறகு ஒவ்வொரு கம்பியாக இறங்கி, சுண்டு விரலை நீட்டி ஏழாவது. அங்கிருந்து ஒன்பதாவதுக்குத் தாவும்போது விரல் தவறும். ஒவ்வொரு நாளும் அதே இடம். கம்பி 'டப்' என்று செத்த மாதிரி ஒரு சத்தம் போடும். சித்தி நாக்கைக் கடித்துக்கொண்டு முதலிலிருந்து வருவாள். நான் வீட்டுப்பாடத்தை நிறுத்திவிட்டு அந்த இடத்துக்காகக் காத்திருப்பேன்.

தம்பி தூங்கும்போது கிட்டார் வாசிக்க முடியாது. அப்போது என் இடது கையை இழுத்து மடியில் வைத்துக்கொள்வாள். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை என் கைதான் கிட்டார். மருதாணி வைக்கிற மாதிரி கையை நீட்டிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருப்பேன். கம்பி அழுத்தி அழுத்தி அவள் விரல் நுனிகள் காய்த்துப்போயிருந்தன. அந்தச் சொரசொரப்பு என் தோலில் ஏறி இறங்கும். தவறும் இடம் வந்தால் எனக்கே தெரிந்துவிடும். "டப்" என்பேன். "வாயை மூடு கழுதை" என்பாள், சிரித்துக்கொண்டே.

கிட்டாரை அவள் எங்களைவிடக் கவனமாகப் பார்த்துக்கொண்டாள். டியூஷன் எடுத்துச் சேர்த்த காசில் வாங்கிய கிட்டார் அது. ஒருநாள் பனி விலகி நல்ல வெயில் அடித்தது. அதற்கும் குளிருமே என்று நான் வாசலில் கொண்டுபோய் வைத்துவிட்டேன். சித்தி மாவு பிசைந்த கையோடு ஓடி வந்தாள்.

"ஏஞ்சாமி, வெயில்ல வெக்கலாமா? பசை போட்டு ஒட்டுனதெல்லாம் எளகிரும். இந்தக் கட்டை இருக்குது பாரு, இதுலதான் எல்லாக் கம்பியும் முடியுது. இது பேந்துதுன்னா சித்தி கதை முடிஞ்சுது."

எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் ஓர் ஓட்டு வீடு. அங்கே இருந்த அக்காவுக்கு மலையிலேயே தேவனூர் நாடு என்கிற ஊர்ப்பகுதியில் பிறந்த வீடு. ராகி, மரவள்ளி, மிளகு எல்லாம் போடுவார்கள். கிழங்கு வேகவைத்தால் எனக்கு ஒரு தட்டு வந்துவிடும். அவர் வீட்டில் அடுப்புக்கு நேர் மேலே மூங்கில் பரண் ஒன்று உண்டு. மழைக்காலத்தில் அந்த வீட்டின் உயிரே அதில்தான் இருக்கும். விதை ராகி, மிளகு முறம், சோளக் கதிர், உப்புப் பானை, தீப்பெட்டி. பாலிதீன் பையில் சுற்றிய ரேஷன் கார்டுகூட அங்கேதான். வாரக்கணக்கில் வெயிலே வராத ஊரில் நனைந்ததும் பூஞ்சணம் பூத்ததும் அங்கே ஏறினால் காய்ந்து இறங்கும்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. எங்கள் வீட்டுச் சுவர் வியர்த்தது. பள்ளிச் சீருடை எப்போதும் ஈரமாகவே இருந்தது. கிட்டார் உறையில் வெள்ளையாகப் பூஞ்சணம் படர்ந்தது. சத்தமும் தலையணைக்குள்ளிருந்து வருவது போல ஆகிவிட்டது. சித்தி தினமும் துடைத்துத் துடைத்து வைத்தாள்.

தம்பிக்குத் தடுப்பூசி போட வேண்டிய நாள் வந்தது. அப்பாவுக்கு ஆபீஸில் லீவு கிடைக்கவில்லை. அம்மா வரவில்லை என்றுவிட்டாள். பின்வீட்டு அக்காவிடம், "எங்கக்காவைக் கொஞ்சம் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுச் சித்தி தம்பியைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். அங்கே ஒரே கூட்டமாம். முடித்து வரும்போது பள்ளியும் விட்டிருந்தது. ஒரு குடைக்குள் மூன்று பேரும் நனைந்துகொண்டே வீட்டுக்கு வந்தோம்.

அம்மா நின்றுகொண்டிருந்தாள். அதைத்தான் முதலில் பார்த்தேன். சமையலறை வாசலில், முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, அம்மா நின்றுகொண்டிருந்தாள்.

"உன் கிட்டாரெல்லாம் ஒரே ஈரம்டி. பூஞ்சணம் வேற. பரண்ல ஏத்துனா நல்லாக் காஞ்சுரும்னு பின்னூட்டு அக்கா சொன்னாங்க. நாந்தான் தொடச்சு எடுத்துக் குடுத்தேன். காலையிலயே குடுத்துட்டேன்."

அம்மா அவ்வளவு நீளமாகப் பேசி எத்தனையோ வாரம் ஆகியிருந்தது. சித்தியின் குடையிலிருந்து தண்ணீர் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.

"அப்படியாக்கா" என்றாள் சித்தி. தம்பியை நீட்டினாள். அம்மா வாங்கிக்கொண்டாள். "நான் போய் எடுத்துட்டு வாரேன்."

நானும் பின்னாலேயே ஓடினேன். அக்கா வீட்டு அடுப்பில் ராகிக் களிக்கு உலை கொதித்துக்கொண்டிருந்தது. மேலே சோளக் கதிர்களுக்கு நடுவில் கிட்டார் மல்லாந்து கிடந்தது. அக்கா முக்காலி மேல் ஏறி, ஒரு பிள்ளையை இறக்குவது போல இரண்டு கையாலும் அதை இறக்கினார். உறையைத் துவைத்துத் தனியாகக் காயப்போட்டிருந்தார்.

"பாருங்க கண்ணு, கல்லாட்டம் காஞ்சிருச்சு. நனைஞ்ச பொட்டி எப்புடிங்க பேசும்? எங்கூட்டுல கல்யாணச் சேலகூட இங்கதான் காயுது."

கம்பிகள் எல்லாம் வந்து முடிகிற அந்தக் கட்டை பின்பக்கமாகப் பெயர்ந்து நின்றது. ஒரு தீக்குச்சியை உள்ளே விடலாம். முன்பலகை வயிறு மாதிரி உப்பியிருந்தது. கம்பிகள் தொளதொளவென்று கிடந்தன. சித்தி கட்டைக்கு அடியில் நகத்தை விட்டுப் பார்த்தாள். பிறகு அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். கண்ணாடியைத் துடைக்கிற மாதிரி துப்பட்டாவால் புகைக் கறையை மெதுவாகத் துடைத்தாள்.

"நல்லாக் காஞ்சிருக்குதுங்க்கா. ரொம்ப உபகாரமுங்க."

"சித்தி, பசை…" என்று ஆரம்பித்தேன். என் கையை அவள் விரல்கள் பிடித்தன. எப்போதும் வாசிக்கும் அதே இடத்தில். இந்த முறை ஏறி இறங்கவில்லை, ஒரே அழுத்து. எனக்கு வலித்தது.

இரண்டு வீட்டுக்கும் நடுவில், மழையிலேயே நின்றாள்.

"நல்லாக் காஞ்சிருச்சுன்னு அம்மாகிட்டச் சொல்லோணும். நீயும் சொல்லோணும்."

"அது பொய்யி சித்தி."

"ஆமா. பொய்தான்."

ஞாயிறு பள்ளியில் பொய்யைப் பற்றி எங்களுக்கு நிறையச் சொல்லியிருந்தார்கள். பொய் சொல்லும்போது பெரியவர்கள் ஏதாவது காரணம் சொல்வார்கள் என்றும் எனக்குத் தெரியும். சித்தி ஒரு காரணமும் சொல்லவில்லை. அதனால்தானோ என்னவோ, கேட்டுக்கொண்டேன்.

"காஞ்சுதா?" என்றாள் அம்மா, தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு.

"அருமையாக் காஞ்சிருச்சுக்கா."

"கல்லாட்டம்" என்றேன் நான்.

"வாசியேன், கேக்கலாம்."

"ஊசி போட்ட புள்ள, தூங்கட்டும்க்கா. நாளைக்கு."

மறுநாள் சித்தி சர்ச்சுக்குப் போனாள். போகும்போது காய்ந்த உறைக்குள் ஒரு தலையணையைத் திணித்துக்கொண்டு போனாள். வரும்போது அதற்குள் சர்ச் கிட்டார் இருந்தது. கிறிஸ்துமஸுக்கு மட்டும் வெளியே வருகிற கிட்டார். மற்ற மாதமெல்லாம் அங்கி வைக்கும் பீரோவில் பூச்சி உருண்டைகளோடு கிடக்கும். அதில் தடித்த கம்பி இல்லை. சர்ச் வாட்ச்மேன் அதைக் கழற்றி கேட்டைக் கட்டியிருந்தாராம். செம்மேட்டில் கிட்டார் கம்பி எந்தக் கடையில் கிடைக்கும்? உடைந்த கிட்டார் துணியில் சுற்றப்பட்டு, அப்பாவின் கட்டிலுக்கு அடியில் பெட்டிகளுக்குப் பின்னால் போய்விட்டது. அப்பாவிடமும் சொல்லிவிட்டாள் என்று நினைக்கிறேன். அவர் அந்தப் பக்கம் பெருக்கவே விடவில்லை.

சாயங்காலம் சித்தி வழக்கமான இடத்தில் பாய் போட்டு, கிட்டாரின் முகப்பைக் கதவுக்கு மறைத்துத் திரும்பி உட்கார்ந்தாள். அம்மா வெளியே வந்தாள். கையில் சீப்பும் எண்ணெய்க் கிண்ணமும் இருந்தன.

"இங்க வா. இதென்ன தலையா, குருவிக் கூடா" என்று என்னை இழுத்து முன்னால் உட்கார வைத்துக்கொண்டாள்.

சித்தி வாசிக்க ஆரம்பித்தாள். தடித்த கம்பி இல்லாததால் அடி ஸ்வரம் இல்லை. அதற்கு அடுத்த ஸ்வரத்திலிருந்து ஆரம்பித்தாள். எத்தனையோ நாளாகக் கேட்ட வரிசைதான். ஆனால் அது வேறு எதுவோ போலக் கேட்டது. படியே இல்லாத வீட்டுக்குள் ஏறுகிற மாதிரி இருந்தது. சித்தி ஒரு முறை வாசித்து நிறுத்தினாள். மறுபடி ஆரம்பிக்கக் கையை வைத்தாள்.

அப்போது என் தலைக்குப் பின்னாலிருந்து அம்மா முனகினாள். வாயைத் திறக்காமல், தாழ்ந்த குரலில், ஒரே ஒரு ஸ்வரம். கல்யாணத்துக்கு முன்னால் அம்மா சர்ச் பாடகர் குழுவில் கீழ்க்குரல் பாடியவள். அந்தக் குரலை நான் அதிகம் கேட்டதில்லை.

சித்தியின் கை நின்றுவிட்டது. பிறகு வாசித்தாள். அம்மாவின் முனகலுக்கு மேலே ஸ்வரங்கள் ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தன. மூணு, அஞ்சு, ஏழு. நான் காத்திருந்தேன். ஒன்பதில் விரல் தவறவில்லை. பதினொன்று வரை போய், அதே வழியாக இறங்கி வந்தாள்.

"நல்லாத்தான் காஞ்சிருக்குது" என்றாள் அம்மா.

சித்தி தலையைக் குனிந்துகொண்டு திருகாணியைத் திருகிக்கொண்டேயிருந்தாள்.

அதன் பிறகு தினமும் சாயங்காலம் அப்படித்தான் நடந்தது. சித்தி பாய் போடுவாள். அம்மா சீப்போடு வருவாள், அல்லது தம்பியோடு வருவாள். முதல் ஸ்வரத்தை அம்மா பிடித்துக்கொள்வாள். சில நாள் மூச்சு போதாமல் நடுவில் நின்றுவிடும். சித்தி காத்திருப்பாள். ஒருநாள் தம்பி அம்மாவின் தாடையைத் தொட்டுப் பார்த்தான், சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தேடுகிறவன் போல. அம்மா அவனைப் பார்த்தாள்.

எனக்கு இன்டர்வியூ கவலை பிடித்துக்கொண்டது. அப்போதிலிருந்தே நான் அப்படித்தான், என்னைக் கேட்காத கவலையையெல்லாம் நான்தான் சுமப்பேன்.

"சர்ச் கிட்டாரையே எடுத்துட்டுப் போ சித்தி. சேலத்துல கம்பி வாங்கி மாட்டிக்கலாமில்ல?"

"பாக்கலாம் கண்ணு."

"இப்பத்தான் ஒம்பது நல்லா வருதே."

"ஆமா. இப்பத்தான் வருது" என்றாள்.

அவள் போகவில்லை. அந்த நாள் காலையில் அம்மாவே கேட்டாள், "இன்னைக்குத்தானே உனக்கு?"

"தள்ளி வெச்சுட்டாங்கக்கா. அப்பறமாச் சொல்றேன்னாங்க" என்றாள் சித்தி. வாசலில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். மலையிறங்கும் பஸ், ஸ்டாண்டிலிருந்து கிளம்பி ஹாரன் அடித்தது. அவள் கையிலிருந்த மொச்சை உரிபடாமல் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பஸ் சத்தம் தேய்ந்ததும் உரித்தாள். அம்மா அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தானும் ஒரு கை மொச்சையை எடுத்துக்கொண்டாள்.

எல்லாக் கோபமும் எனக்குப் பின்வீட்டு அக்கா மேல்தான். அவர் கொண்டுவந்த கிழங்கைத் தொடவே இல்லை. "என்ன சாமி, அக்கா மேல கோவமா?" என்று அவர் கேட்டபோது முகத்தைத் திருப்பிக்கொண்டேன். சித்தி என் தலையில் குட்டி, தட்டைக் கையில் கொடுத்தாள். "அவுங்க என்ன பண்ணுவாங்க? அவுங்கூட்டுல பரண்ல ஏத்துனா எல்லாமே பொழைச்சுக்குது" என்றாள் பிறகு.

ஈஸ்டர் முடிந்துதான் சித்தி மலையிறங்கினாள். சேலத்து வேலை வேறு யாருக்கோ போய்விட்டது. அடுத்த வருஷம் கல்யாணம். இப்போது ஈரோட்டில் பிள்ளைகளுக்குக் கிட்டார் சொல்லிக்கொடுக்கிறாள். நன்றாகத்தான் இருக்கிறாள். அந்த வேலை கிடைத்திருந்தால் என்று நான்தான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அவளிடம் கேட்கத் துணிவு வந்ததில்லை.

என் மகன் பிறந்த பிறகு நானும் சில மாதம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தேன். அம்மா வந்து கூட இருந்தாள். மருந்தும் சாப்பிட்டேன். எழுந்து நடமாட ஆரம்பித்த ஒரு மத்தியானம், குழந்தையைக் குப்புறப் போட்டு, என்னையறியாமல் அவன் முதுகில் விரல்களை ஏற்றினேன். துணி மடித்துக்கொண்டிருந்த அம்மா, என் முதல் விரல் படுவதற்கு முன்பே, அந்த ஸ்வரத்தை முனகினாள்.

இத்தனை வருஷம் கட்டிக் காத்ததை அன்று சொல்லிவிட்டேன். "அம்மா, உனக்கு ஒண்ணு தெரியாது. அன்னைக்குச் சித்தி வாசிச்சது அவ கிட்டாரே இல்ல."

அம்மா மடிப்பை நிறுத்தவில்லை. "பூச்சி உருண்டை நாத்தம் ஊடெல்லாம் அடிச்சுதே. அடுப்புப் பரண்ல காஞ்ச கிட்டாரு பூச்சி உருண்டையா நாறும்? கம்பியும் ஒண்ணு இல்ல."

"அப்பவே தெரியுமா?"

"அவ மொத மொற வாசிச்சப்பவே தெரிஞ்சுது. நாந்தான் எடுத்துக் குடுத்துக் கெடுத்துட்டேன்னும் தெரிஞ்சுது."

"அப்பறம் ஏம்மா சொல்லல?"

அம்மா கையிலிருந்த சின்னத் துணியை நீவினாள். "சொன்னா அவ அழுதிருப்பா. அவ அழுதா நான் மறுபடியும் போய்ப் படுத்திருப்பேன். அவ எனக்காக வாசிக்கறா, கீழ ஒண்ணு கொறையுது. அதான் பாடுனேன்."

அந்த முதல் சாயங்காலத்தை இப்போது நினைத்துப் பார்க்கிறேன். அம்மாவின் இரண்டு முழங்கால்களுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறேன். எதிரே சித்தி கிட்டாரின் முகப்பை மறைத்துத் தலையைக் குனிந்து வாசிக்கிறாள். ஒவ்வொரு முறை அம்மா முனகும்போதும் சீப்பு என் தலையில் நின்று நின்று இறங்குகிறது. பின்னல் ரொம்ப இறுக்கம், கண்ணில் நீர் வருகிறது. ஆனாலும் நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் ரகசியமும் கூடவே வெளியே வந்துவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், அந்த வீட்டில் எதையோ மறைத்து வைத்திருப்பது சித்தியும் நானும் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டு.